மூன்று விரல் இடைவெளி

நான் துள்ளவில்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பிறகு யாரும் கதையை மாற்றக் கூடாது.

மால்டாவில் ஆளுக்கொரு பட்டப்பெயர் உண்டு. கோயில் பதிவேட்டில் என் பெயர் விஸ்டின். அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் தபால்காரனே தலையைச் சொறிவான். ‘கையொடிச்சான்’ வீடு எது என்று கேளுங்கள், தெருநாய்கூட வழிகாட்டும். என் மகன் சால்வு, கையொடிச்சான் மகன். அவன் மகளைப் பள்ளிக்கூடத்தில் குட்டிக் கையொடிச்சான் என்கிறார்கள். பிள்ளைக்கு வயது ஒன்பது. அவள் ஒரு பென்சிலைக்கூட ஒடித்தவள் இல்லை.

யார் கையை ஒடித்தேன் என்றால், ஆண்டவர் கையை.

ஈஸ்டர் அன்று பகலில் எங்கள் ஊரில் உயிர்த்த ஆண்டவர் சுரூபத்தை எட்டுப் பேர் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுவோம். மற்ற நாளெல்லாம் சுரூபங்கள் நடந்துதான் போகும். அன்றைக்கு மட்டும் ஓட்டம். கல்லறையைப் பிளந்துகொண்டு வந்தவர் ஆடி அசைந்தா வருவார்? ஊர் மதிலுக்கு வெளியே துறைமுகச் சிற்றாலயத்தில் தொடங்கி, பெரிய வாசல் வழியாக ஊருக்குள் புகுந்து, மேட்டுத் தெருவில் கோயில் வரைக்கும் ஒரே மூச்சு. சுரூபத்தின் வலது கை வானத்தைப் பார்த்து நீட்டியிருக்கும். உச்சி அந்த விரல் நுனிதான்.

பெரிய வாசலை வெளியிலிருந்து பார்த்தால் நாலு மாடி உயரம். இரட்டைத் தூண்கள், கல்லில் செதுக்கிய பீரங்கி, முரசு, கொடி, மேலே எவனோ ஒரு பிரபுவின் சின்னம். ஆனால் உள்ளே வளைவு தாழ்வு. பெருமை வெளியே, சிக்கனம் உள்ளே. கட்டியவன் எங்கள் ஊர்க்காரனாகத்தான் இருப்பான். அந்த வளைவின் உச்சிக்கல்லுக்கும் ஆண்டவர் விரல் நுனிக்கும் நடுவில் மூன்று விரல் இடைவெளி. அதற்குள் ஓட வேண்டும். வாசல் வந்ததும் முழங்காலை மடக்கி, குதிகாலைத் தூக்காமல், பாதம் தரையைத் தேய்க்கத் தேய்க்க ஓடுவோம். பார்ப்பவர்களுக்குச் சுரூபம் தண்ணீரில் மிதந்து வருவது மாதிரி இருக்கும்.

இதற்கு ஓர் அளவும் வைத்திருக்கிறோம். கோயில் பின்னறையில் ஒரு ஒலிவமரக் கோல் இருக்கிறது. எங்கள் தாத்தாக்களுக்குத் தாத்தாக்கள் வாசலில் நிறுத்தி அளந்து, மூன்று விரல் குறைத்து வெட்டியது. ஒவ்வொரு தவக்காலத்திலும் அந்த வருடத்து எட்டுப் பேரையும் பின்னறையில் நிறுத்தி, சுரூபத்தைத் தோளில் ஏற்றி, வாசலில் ஓடுகிற மாதிரியே முழங்காலை மடக்கவைத்து, கோலைப் பக்கத்தில் நிறுத்திப் பார்ப்பார்கள். விரல் நுனி கோலைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஆளை மாற்றுவார்கள். உயரமாகப் பிறந்ததற்காக அழுத ஆண்பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

இருபத்தேழு வருடத்துக்கு முன்னால், சுரூபத்தைத் தூக்கும் தண்டுகளில் வலது முன்தண்டு என்னுடையது. கோல் சரியென்றது. ஓடினோம். வாசலுக்குள் நுழைந்ததும் தலைக்கு மேலே ‘டக்’ என்று ஒரு சத்தம். மணிக்கட்டோடு கை ஒடிந்து என் காலடியில் விழுந்தது. ஓட்டம் நின்றது. பாண்டு வாத்தியம் நின்றது. முன்னால் ஓடி வழி சொல்பவன் சாரென். சின்ன வயதிலிருந்து எனக்குக் கூட்டாளி. அவன் திரும்பிப் பார்த்து, ஊரே கேட்கக் கத்தினான்:

“விஸ்டின் துள்ளிட்டான்!”

அவ்வளவுதான். முடிந்தது என் பெயர்.

நான் சும்மா இருப்பேனா? சுரூபத்தின் பீடத்துக்கு அடியில் சாரென் பலகை சொருகி உயரத்தைக் கூட்டிவிட்டான் என்றேன். வேண்டுமென்றே செய்தான் என்றேன். கடைக்குக் கடை போய்ச் சொன்னேன். அன்றோடு எங்களுக்குள் பேச்சு முறிந்தது. வாசல் பக்கமே நான் போகவில்லை. வெளியே போக வேண்டுமென்றால் கடற்படிக்கட்டு வழியாக நூற்றிருபது படி இறங்குவேன், ஏறுவேன். என் மனைவி விட்டோரின், “வாசல் உன்ன என்னய்யா பண்ணிச்சு, கல்லுதானே?” என்பாள். நான் படியில் இறங்கிக்கொண்டே இருப்பேன்.

ஆண்டவர் கைக்கு ஒரு திருகாணி வைத்தார்கள். அதற்குப் பிறகு வருடா வருடம் சுரூபம் ஓடிவரும், வாசலில் நிற்கும், ஒருவன் ஏணி போட்டு ஏறிக் கையைக் கழற்றித் துணியில் சுற்றி இடுக்கிக்கொள்வான். கையில்லாத ஆண்டவர் மெள்ள நடந்து உள்ளே வருவார். மறுபடி ஏணி, மறுபடி கை. எதிர்க்கரை ஊர்க்காரர்கள் இதைப் பார்க்கவே படகில் மடக்கு நாற்காலியோடு வருவார்கள். ஸ்குரூ டிரைவரை உயர்த்தி ஆட்டிக்கொண்டு, “ஆண்டவரே, சுங்கச் சாவடி வந்துருச்சு, கையக் கழட்டுங்க!” என்று கத்துவார்கள். எங்கள் ஆட்கள் அவர்களை அடிக்க முடியாமல் என்னை முறைப்பார்கள்.

சால்வுவுக்கு நாற்பத்தொரு வயது. எருதுத் தோள். அளவெடுத்துச் செய்த மாதிரி உயரம். பதினெட்டு வருடம் பெயர் கொடுத்தான். பதினெட்டு வருடமும் எடுக்கவில்லை. “அந்த ரத்தம் துள்ளும்” என்றார்களாம்.

இந்த வருடம் மாசிப் புயலில் கடற்படிக்கட்டில் பாதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. கயிறு கட்டி அடைத்துவிட்டார்கள். விட்டோரினுக்கு ரத்த அழுத்த மாத்திரை தீர்ந்துவிட்டது. மருந்துக்கடை மதிலுக்கு வெளியே. சால்வு வேலைக்குப் போயிருந்தான். வேறு வழியில்லை. தலையைக் குனிந்துகொண்டு பெரிய வாசலுக்குப் போனேன்.

குனிந்து போனது நல்லதாகப் போயிற்று.

வாசலுக்குள் தரையைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். தாரை எடுத்துவிட்டுப் பழைய பாவுகல்லை வெளியே காட்டப் போகிறார்களாம், வெளிநாட்டுக்காரன் வந்து படம் பிடிக்க. மேஸ்திரி லெலி என்பவன் வெளியூர்க்காரன். என்னை அவனுக்குத் தெரியாது.

“பெரியவரே, ஓரமாப் போங்க. பள்ளம்.”

“பள்ளம் தெரியுது. எனக்குக் கண்ணு இருக்கு.”

“கண்ணு இருந்தா சரி. காலு?”

“உன்னத் தாண்டிக் குதிக்கிற அளவுக்கு இருக்கு.”

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. வெட்டிய ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கேக்கை வெட்டினால் அடுக்குத் தெரியுமே, அப்படித் தெரிந்தது. மேலே கறுப்பு. நடுவில் சன்னமாகச் சாம்பல் கோடு. கீழே இன்னொரு கறுப்பு. அதற்கும் கீழே தேன் நிறத்தில் கல்.

“ரெண்டு தடவை தார் போட்டிருக்கான்,” என்றேன்.

“ஆமா. மேல மூணு விரல். அடியில அஞ்சு. அடியில இருக்கிறது நல்ல கெட்டி. எந்த மடையன் இந்தக் கல்லு மேல இத ஊத்தினானோ.”

எனக்கு எழுத்துக் கணக்கு வராது. மூன்றாம் வகுப்போடு நின்றவன். விரல் கணக்கு வரும். நாற்பது வருடம் கப்பல் பட்டறையில் தகடு பொருத்தியவன் நான். அஞ்சு என்று அவன் சொன்னதும் என் இடது கை தானாக விரிந்து அந்த அடிக் கறுப்பின் மேல் போய் உட்கார்ந்தது. அஞ்சுதான்.

மேலே இருந்த இடைவெளி மூன்று. கீழேயிருந்து ஏறியது அஞ்சு.

இருபத்தேழு வருடத்துக்குப் பிறகு தலையைத் தூக்கி உச்சிக்கல்லைப் பார்த்தேன். நடுக்கல்லில் நகக்கண் அளவுக்கு ஒரு தங்கப் பூச்சு. ஆண்டவர் விரலிலிருந்து ஒட்டியது. அங்கேயே இருந்திருக்கிறது.

“என்ன பெரியவரே, மயக்கமா?”

“இல்ல. ரொம்பத் தெளிவா இருக்கேன்.”

மருந்து வாங்காமலே வீட்டுக்குத் திரும்பினேன்.

“மாத்திரை எங்க?” என்றாள் விட்டோரின்.

“மாத்திரை கிடக்கட்டும். அந்த வருஷம் வாசல்ல தார் போட்டது எப்போ? உனக்கு ஞாபகம் இருக்கா?”

“எந்த வருஷம்னு கேக்கவா வேணும். இந்த வீட்டுல ஒரு வருஷந்தானே உண்டு.” அடுப்பை அணைத்துவிட்டு உள்ளே போனாள். பெட்டி திறக்கும் சத்தம். ஒரு வெள்ளைக் கால்சட்டையோடு வந்து என் முகத்தில் எறிந்தாள். அன்று நான் ஓடும்போது போட்டிருந்தது. இரண்டு கால் ஓரமும் கறுப்பு.

“குருத்து ஞாயிறுக்கு மறுநாள் போட்டான். ஒரு வாரங்கூட ஆகல. நீங்க எட்டுப் பேரும் ஓடினதுல அத்தனை பேர் கால்சட்டையும் தார். மண்ணெண்ணெய் ஊத்தி மூணு நாள் தேய்ச்சேன்யா. எட்டு வீட்டுப் பொம்பளைங்களும் தேய்ச்சோம். போகல.”

“இத ஏன்டி நீ சொல்லல?”

“தார் போகலன்னு அன்னிக்கே கத்தினேனே! நீ சாரென் பலகை சொருகிட்டான்னு கத்திக்கிட்டிருந்த. ரெண்டு பேரும் கத்தினா யாருக்குக் காது கேக்கும்?”

நான் சந்தேகப்படாத ஆள் இந்த ஊரில் இல்லை. சாரெனைச் சந்தேகப்பட்டேன். பங்குச் சாமியாரை, சுரூபத்துக்கு வர்ணம் பூசியவனை, என் பின்னால் தண்டு தூக்கியவனை, எல்லாரையும். கோலைக்கூடச் சந்தேகப்பட்டேன், எவனோ ராத்திரியில் வெட்டிவிட்டான் என்று. காலுக்குக் கீழே இருந்த தரையை மட்டும் சந்தேகப்படவில்லை. ஊரே அப்படித்தான். வருடா வருடம் ஆண்டவரை அளந்தார்கள், ஆட்களை அளந்தார்கள். வாசலை யாரும் அளக்கவில்லை. கல் எங்கே போகும் என்ற நினைப்பு. கல் எங்கும் போகவில்லைதான்.

கால்சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு பாண்டு வாத்தியக்காரர் மன்றத்துக்குப் போனேன். சாரென் சீட்டாடிக்கொண்டிருந்தான். இப்போது அவன்தான் திருவிழாக் குழுத் தலைவன். எண்பது வயது, காதில் மெஷின். நான் உள்ளே வந்ததும் எல்லார் சீட்டும் கையிலேயே நின்றது.

கால்சட்டையை அவன் சீட்டுகளின் மேல் போட்டேன்.

“துவைக்கிறதுக்கு வேற இடம் இல்லையா?” என்றான். இருபத்தேழு வருடத்தில் அவன் என்னோடு பேசிய முதல் பேச்சு.

“கோல எடுத்துக்கிட்டு வாசலுக்கு வாடா.”

“எதுக்கு?”

“வாசல அளக்க.”

“வாசல் வளர்ந்திருச்சா?”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். “வளரலடா. குறுகியிருக்கு. வரப் பயமா இருந்தா சொல்லு, நான் மட்டும் போறேன்.”

சாரெனைப் பயந்தவன் என்று சொன்னால் அவன் சவப்பெட்டியிலிருந்தும் எழுந்து வருவான். சீட்டைக் கவிழ்த்து வைத்தான். “யாரும் தொடாதீங்க. எங்கிட்ட ராஜா இருக்கு,” என்று சொல்லிவிட்டு எழுந்தான்.

வாசலுக்குப் போய்ச் சேர்வதற்குள் எங்களுக்குப் பின்னால் அறுபது பேர். பங்குச் சாமியார் கோலைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார், பவனியில் சிலுவையைப் பிடிப்பது மாதிரி. லெலி ஆட்களை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்தான்.

“முதல்ல தார் மேல நிறுத்து,” என்றேன்.

தோண்டாத பக்கத்தில் சாரென் கோலை நிறுத்தினான். நிற்கவில்லை. நிமிர்த்த நிமிர்த்த மேல்நுனி கல்லில் இடித்தது. சாய்த்துத்தான் பிடிக்க முடிந்தது. அஞ்சு விரல் அதிகம்.

“இப்போ பள்ளத்துல.”

லெலி கைகொடுக்க, சாரென் பள்ளத்தில் இறங்கினான். பாவுகல்லின் மேல் கோலை நிறுத்தினான். நேராக நின்றது. மேலே இடைவெளி. தன் மூன்று விரலைச் சேர்த்து உயர்த்தினான், எட்டவில்லை. லெலியின் ஆள் ஒருவன் ஏணியில் ஏறி விரலை நுழைத்தான்.

“மூணு விரல்,” என்றான். “இடிக்காம, தொங்காம, சரியா மூணு.”

நான் கால்சட்டையை உயர்த்திப் பிடித்தேன். “அடித் தார் அஞ்சு விரல். அந்த வருஷம் குருத்து ஞாயிறுக்கு மறுநாள் போட்டது. ஓடின எட்டுப் பேர் வீட்டுலயும் கேளுங்க. மேல மூணுதான் இடம், கீழ அஞ்சு ஏறியிருக்கு. நான் துள்ளினேனா?”

சாரென் கோலையே பார்த்துக்கொண்டு நின்றான். காதிலிருந்த மெஷினைத் தொட்டுப் பார்த்தான். பிறகு அன்றைக்குக் கத்திய அதே குரலில், எண்பது வயதுக்கு அந்தக் குரல் எங்கிருந்து வந்ததோ, கத்தினான்:

“விஸ்டின் துள்ளல!”

கூட்டம் ஆர்ப்பரித்தது. எவனோ ஓடிப்போய்க் கோயில் மணியை அடித்துவிட்டான். தவக்காலத்தில் இப்படி அடிக்கலாமா என்று சாமியார் கத்தினார், யார் கேட்டார்கள்?

எனக்கும் ஒரு கடன் இருந்தது. பள்ளத்து ஓரத்தில் குந்திச் சாரெனிடம் சொன்னேன், “நீ பலகை சொருகலடா.”

“அத நான் அன்னிக்கே சொன்னேனே.”

“நான் இன்னிக்குத்தான் ஒத்துக்கிறேன்.”

“ரொம்பச் சீக்கிரம்,” என்றான். “கையக் கொடு, மேல ஏறணும். முழங்கால் செத்துப் போச்சு.”

தூக்கிவிட்டேன். மேலே வந்ததும் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னான், “ஆணியப் பிடுங்குறோம். கைய ஒட்டிப் போடுறோம். இந்த வருஷம் ஓட்டம். வலது முன்தண்டு உன் மகனுக்கு.”

“பரிதாபப்பட்டா?”

“பரிதாபமா? உனக்கா? அவன் உயரம் சரியா இருக்குடா, கழுத.”

அதோடு முடிந்துவிட்டது என்று நினைத்தேன். வாசல் தாரையெல்லாம் லெலி எடுத்து முடித்த பிறகு, பெரிய வியாழனன்று காலையில் தார் வண்டி வந்து நின்றது. திருவிழாவுக்கு மேடு பள்ளம் இருக்கக் கூடாதாம், தற்காலிகமாக மேலே கொஞ்சம் தார் ஊற்றச் சொல்லி மேலிடத்து உத்தரவாம். லெலி சங்கடத்தோடு தலையைச் சொறிந்தான். நானும் சாரெனும் மன்றத்திலிருந்து இரண்டு நாற்காலி கொண்டுவந்து பாவுகல்லின் மேல் போட்டு உட்கார்ந்தோம். நடுவில் ஒரு பெட்டியைக் கவிழ்த்துச் சீட்டு விளையாடினோம்.

“பெரியவங்களே, எந்திரிங்க,” என்றான் வண்டிக்காரன்.

“ஊத்து தம்பி. எங்க மேலயே ஊத்து,” என்றான் சாரென். “கால்சட்டையில தார் பட்டா இவன் பொண்டாட்டி உன்ன விட மாட்டா.”

மத்தியானம் வரைக்கும் பார்த்துவிட்டு வண்டி போய்விட்டது. அதற்குள் மூன்று ஆட்டம் நான் ஜெயித்திருந்தேன். அவன் கள்ள ஆட்டம் ஆடியும்கூட.

ஈஸ்டர் அன்று நல்ல வெயில். எதிர்க்கரைக்காரர்கள் வழக்கம்போல நாற்காலி போட்டு, ஸ்குரூ டிரைவரோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஏணியைக் காணோமே என்று ஒருவன் கேட்டான். “வருது, வருது,” என்றாள் விட்டோரின். நான் வாசலுக்குள், உச்சிக்கல்லுக்கு நேர் கீழே சுவரோடு ஒட்டி நின்றேன். இந்தத் தடவை ஒடிந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். இருபத்தேழு வருடம் தாங்கினேன் என்றால் அது எனக்கு. என் மகனுக்கு அதைக் கொடுத்துவிட்டுப் போக முடியாது. கோல் பொய் சொல்லாது என்று மனசு சொன்னது. அன்றைக்கும் அது பொய் சொல்லவில்லையே என்று அதே மனசு சொன்னது.

பாண்டு முழங்கியது. துறைமுகப் பக்கமிருந்து தெரிந்தார்கள். வெள்ளை உடுப்பு எட்டுப் பேர், மேலே சிவப்புப் போர்வையோடு ஆண்டவர், நீட்டிய கை வெயிலில் தங்கமாக. வலது முன்னால் சால்வு. கழுத்து நரம்பு கயிறு மாதிரி. முன்னால் ஓடி வழி சொல்கிற இளவட்டம் திரும்பிச் சாரெனைப் பார்த்தான், நிற்கணுமா என்று. சாரென் கைத்தடியை வாசலுக்கு நேராக நீட்டினான்.

“நிக்காத! ஓடு!”

முழங்கால்கள் மடங்கின. பதினாறு பாதமும் கல்லை உரசும் சத்தம் வளைவுக்குள் எதிரொலித்தது. என் மகன் என்னைத் தாண்டும்போது என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அடித்திருப்பேன். நான் மேலே பார்த்தேன். விரல் நுனி வந்தது. உச்சிக்கல் வந்தது. தங்கப் பூச்சுக்குக் கீழே தங்க விரல், நடுவில் ஒரு கீற்று வெளிச்சம். அந்த வெளிச்சம் அறுபடவே இல்லை.

போய்விட்டது. உள்ளே, ஊருக்குள், கையோடு போய்விட்டது.

அந்தக் கூச்சலை எழுத எனக்குத் தெரியாது. மாடிகளிலிருந்து காகிதப் பூ கொட்டியது. துறைமுகத்தில் கப்பல்கள் ஊதின. எதிர்க்கரைக்காரன் ஒருவன் தன்னை மறந்து எழுந்து கைதட்டினான், அவன் மனைவி இழுத்து உட்காரவைத்தாள். விட்டோரின் அவன் கையிலிருந்த ஸ்குரூ டிரைவரை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள். இன்றைக்கும் எங்கள் சமையலறையில் இருக்கிறது.

எனக்கு எழுபத்துமூன்று வயது. ஓடினேன். சுரூபத்துக்குப் பின்னால் மேட்டுத் தெருவில், மூச்சு இரைக்க, காலில் ஒரு செருப்போடு. மாடிக்கு மாடி சனங்கள் கத்தினார்கள், “கையொடிச்சான்! கையொடிச்சான்!” என்று. பட்டப்பெயர் எங்கள் ஊரில் சாகாது. ஆனால் அன்றைக்கு அதைச் சொன்ன வாயெல்லாம் சிரித்தது. கோயில் படியில் பேத்தி நின்றுகொண்டு, எல்லாரையும் விடச் சத்தமாக அந்தப் பெயரைக் கத்தினாள்.

வாசலை அளந்த அன்று சால்வு வாங்கி வந்த மாத்திரை தீர்ந்திருந்தது. ஆட்டமெல்லாம் முடிந்து சாயந்திரம் வாசல் வழியாகப் போய், மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிக்கொண்டு, வாசல் வழியாகவே திரும்பினேன். வீட்டுக்கு வந்ததும் விட்டோரின் டப்பாவைத் திறந்து பார்த்தாள். “இது வேற மாத்திரைய்யா,” என்றாள்.

மறுபடியும் வாசல் வழியாகப் போனேன்.